சாங்கியிலிருந்து காமலாபுரம்: சேலம் செல்வோருக்குச் சில குறிப்புகள்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தின் பெரும்பகுதி, ஒரு காலத்தில் அலை புரண்ட இடத்தில் மணலைக் கொட்டிக் கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலமாகும். 1981இல் திறக்கப்பட்ட அந்நிலையத்தின் ஓடுபாதைகள் 4,000 மீட்டர் நீளமுடையவை. ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்தின் ஓடுபாதையோ ஏறத்தாழ 1,800 மீட்டர்தான். உங்கள் பயணச்சீட்டு, பெட்டியின் எடை, வீடு சேரும் நேரம் ஆகிய மூன்றையும் முடிவு செய்வது இந்த வேறுபாடே என்பதால், முதலில் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

சேலத்தில் தூர்ப்பதற்குக் கடல் இல்லை; ஓடுபாதையை நீட்டுவதென்றால் விளைநிலத்தைத்தான் எடுக்க வேண்டும். காமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி ஆகிய ஊர்களில் நிலம் கையகப்படுத்தும் பணி 2018இல் தொடங்கியபோது, தென்னையும் கிணறும் வைத்திருந்த விவசாயிகள் எதிர்த்து நின்றனர். "இவ்வளவு பெரிய ஊருக்கு இத்தனூண்டு விமான நிலையமா?" என்று அங்கே போய்க் கேட்பவர்கள், அந்தத் தோட்டக்காரர்களின் பக்கத்தையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

1993இல் திறக்கப்பட்ட இந்நிலையத்தில் விமானச் சேவை பலமுறை தொடங்கி, பலமுறை நின்றிருக்கிறது. சிறு நகரங்களுக்குக் குறைந்த கட்டணத்தில் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தின்கீழ் 2018 மார்ச்சில் மீண்டும் தொடங்கிய சென்னைச் சேவை சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று. 2023 அக்டோபரில் பெங்களூரு, சென்னை, ஐதராபாத், கொச்சி ஆகிய நகரங்களுக்குச் சேவைகள் மறுபடியும் தொடங்கின. ஆகவே, சென்ற ஆண்டு உறவினர் வந்த விமானம் இந்த ஆண்டும் இருக்கும் என்று நம்பி விடுப்பு எழுதிக் கொடுக்காதீர்கள். சீட்டு எடுக்கும் வாரத்தில் எந்தெந்த நாளில் எந்த நேரத்தில் சேவை உள்ளது என்பதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஓடுபாதை குட்டையானது என்பதால், இங்கு வந்திறங்குவது ஏடிஆர் எனப்படும், சுழல் விசிறிகளால் இயங்கும் சிறு விமானம். அதில் தலைக்கு மேலுள்ள பெட்டித் தட்டு சிறியது. சாங்கியில் எளிதாக நுழைந்த சக்கரப் பெட்டி இங்கே நுழையாமல் போகலாம். பன்னாட்டுப் பயணத்தையும் உள்நாட்டுப் பயணத்தையும் தனித்தனிச் சீட்டாக எடுத்தால், உள்நாட்டுப் பகுதிக்குப் பெரும்பாலும் 15 கிலோ மட்டுமே அனுமதி. மிச்சத்துக்குக் கிலோ கணக்கில் பணம் கட்ட வேண்டும். ஒரே சீட்டாக எடுப்பதே நல்லது. அப்படி எடுத்தாலும் குடிநுழைவும் சுங்கமும் இந்தியாவில் நீங்கள் முதலில் இறங்கும் நகரத்தில்தான் நடக்கும். அங்கே பெட்டியை எடுத்து, சுங்கம் கடந்து, மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருப்பதால், இரு விமானங்களுக்கும் இடையில் நான்கு மணி நேரமாவது விடுங்கள். மார்கழிக் காலையில் பனிமூட்டம் கவிந்தால் சிறு விமானம் தாமதமாகும். நான் ஒருமுறை இடைவெளியைக் குறைத்துத் திட்டமிட்டு, வேறு நகரத்தில் ஓர் இரவு முழுதும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

சிங்கப்பூர், கோலாலம்பூர் ஆகிய ஊர்களிலிருந்து வருவோர்க்கு என் பரிந்துரை திருச்சிதான். நேரடி விமானத்தில் இறங்கி, முசிறி, தொட்டியம், நாமக்கல் வழியாக வாடகைக் காரில் வந்தால் மூன்று மணி நேரத்தை ஒட்டிச் சேலம் சேரலாம். பாதி வழிவரை காவிரியும் வாழைத் தோட்டங்களும் உடன் வரும். குழந்தைகளும் நான்கு பெரிய பெட்டிகளும் உள்ள குடும்பத்துக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருவோர்க்குப் பெங்களூரு வழி பொருந்தும். காமலாபுர விமானத்தின் உண்மையான பயன் அவர்களுக்கே. சென்னையில் இரவு இறங்குவோர் ஓய்வெடுத்துவிட்டு, சேலம் சந்திப்பில் நின்று செல்லும் கோவை வந்தே பாரத் ரயிலைப் பிடிக்கலாம்.

காமலாபுரத்தில் இறங்கியதும் பேருந்தை நம்ப வேண்டாம். நிலையம் பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டியிருந்தாலும், பெட்டிகளோடு சாலையில் நின்று பேருந்துக்குக் கையசைப்பது களைப்பான வேலை. வீட்டாரிடம் சொல்லி வண்டி வரவழையுங்கள், அல்லது வாடகைக் காருக்கு முன்பே பேசி வையுங்கள். ஏற்காடு செல்வோர் அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம் சென்று, இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலையேற வேண்டும். நீண்ட பயணத்தின் தூக்கக் கலக்கத்தில் அன்றே ஏறினால் குழந்தைகள் வாந்தி எடுப்பது பெரும்பாலும் உறுதி. ஓர் இரவு ஊரில் தங்கி, சேலத்துத் தின்பண்டமான தட்டுவடை செட்டு தின்று, மறுநாள் காலையில் ஏறுங்கள். கோடை விழா நடக்கும் மே மாதத்தில் மலைப்பாதையில் நெரிசல் மிகுதி. கனமழைக் காலத்தில் மண்சரிவால் பாதை அடைபடுவதும் உண்டு. அப்போது குப்பனூர் வழியே மாற்று வழி.

திரும்பும்போது கொலுசும் ஜவ்வரிசியும் அத்தை கட்டிக் கொடுத்த ஊறுகாயும் சேர்ந்து பெட்டி கனத்திருக்கும். மாம்பழம் எடுத்துச் செல்ல விரும்பினால், நீங்கள் வாழும் நாடு அதை அனுமதிக்கிறதா என்று முன்னரே விசாரியுங்கள். எடையை வீட்டிலேயே தராசில் பார்த்துவிடுங்கள். தனிச்சீட்டு எடுத்தவர்கள், பன்னாட்டு விமானத்துக்கு முந்தைய நாளே பெங்களூருக்கோ சென்னைக்கோ போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது.