மெய்நிகர் இயந்திரத்தை வேறு இயங்குதளத்துக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் கணினி விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளில் சிலர் இறுதியாண்டுச் செயற்றிட்டமாகச் சொந்தமாக ஒரு நிரல்மொழியையே எழுதத் துணிகிறார்கள். தமிழில் கட்டளைகள், அவற்றை பைட்கோட் (மெய்நிகர் இயந்திரத்துக்கான சுருக்கக் கட்டளைகள்) ஆக்கும் ஒரு கொம்பைலர், அந்த பைட்கோட்டை ஓட்ட சி மொழியில் எழுதிய ஒரு மெய்நிகர் இயந்திரம், வேகத்துக்காக அதன் மேல் ஒரு ஜிட், அதாவது ஓடும்போதே பைட்கோட்டை புரொசசரின் இயந்திரக் கோடாக மாற்றும் பகுதி. பார்க்கவே சந்தோசமாக இருக்கிறது. சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. எழுதியவரின் லெப்டொப்பில் இருப்பது லினக்ஸ். அந்த மொழியைப் படிக்கப் போகும் பாடசாலைப் பிள்ளைகளின் வீட்டிலும் டியூசன் வகுப்பிலும் இருப்பது விண்டோஸ். அப்போதுதான் உவர்மலையில் இருக்கும் எனக்கு அழைப்பு வரும்: "அண்ணா, விண்டோஸில் கொம்பைல் ஆகிவிட்டது, எரர் ஒன்றுமில்லை. ஓட்டினால் விழுந்துவிடுகிறது."

முதல் தவறு அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. கொம்பைலர் வாய் மூடிவிட்டால் வேலை முக்கால்வாசி முடிந்தது என்று நினைக்கிறோம். இல்லாத ஹெடர் பைல், பெயர் மாறிய பங்ஷன் போன்றவற்றை கொம்பைலர் தானே காட்டித் தரும், அவை சுலபம். மெய்நிகர் இயந்திரத்தின் அடிமட்டக் கோட் நம்பியிருப்பது வேறு விசயங்களை. எந்த ரெஜிஸ்டர் (புரொசசருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) யாருக்குச் சொந்தம், நினைவகத்தை எந்த அளவில் கேட்கலாம், தவறான முகவரியைத் தொட்டால் யார் வந்து சொல்வார்கள் என்பவையெல்லாம் இயங்குதளத்துக்கும் உங்கள் கோட்டுக்கும் இடையிலான ஒப்பந்தங்கள். அவை மூலக்கோட்டில் எழுதப்பட்டிருக்காது. கொம்பைலரால் அவற்றைச் சரிபார்க்கவும் முடியாது.

எனவே எல்லாவற்றையும் ஒரேயடியாக ஓட்டிப் பார்க்க வேண்டாம். ஜிட்டை முழுதாக நிறுத்திவிட்டு, பைட்கோட்டை ஒவ்வொன்றாக வாசித்து ஓட்டும் விளக்கியை மட்டும் புதிய இயங்குதளத்தில் ஓட வையுங்கள். அது எல்லாச் சோதனைகளையும் தாண்டிய பிறகே ஜிட். விளக்கியே தடுமாறும்போது ஜிட்டையும் சேர்த்துத் தோண்டினால் எந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

விளக்கியில் அதிகம் அகப்படுவது "லாங்" என்ற சி மொழியின் முழுஎண் வகை. 64 பிட் லினக்ஸிலும் மேக்கிலும் லாங் 64 பிட் அகலம். 64 பிட் விண்டோஸில் அது 32 பிட்தான். பொயின்டரை (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) லாங்கில் போட்டு வைத்த ஒவ்வொரு இடத்திலும் முகவரியின் மேல்பாதி வெட்டுப்படும். பொருளின் முகவரியில் கடைசி பிட்டுகளை அடையாளத்துக்குப் பாவிக்கும் மெய்நிகர் இயந்திரங்களில் இப்படியான இடங்கள் நிறைய இருக்கும். ஒன்றை 40 இடம் நகர்த்தும் கணக்குகளும் அதே கதிதான். பொயின்டரின் அகலத்துக்கென்றே சி99 தந்த முழுஎண் வகைகள் இருக்கின்றன, அவற்றுக்கு மாறுங்கள். இதில் ஒரு பொல்லாத விசயம் உண்டு. ஹீப் (பொருள்கள் இருக்கும் நினைவகப் பகுதி) 2 ஜிபிக்குக் கீழான முகவரியில் அமைந்துவிட்டால் வெட்டுப்பட்ட பொயின்டரும் சரியாகவே வேலை செய்யும். அதனால் சோதிக்கும்போது, உயரமான முகவரியிலிருந்து நினைவகம் தரும்படி, விண்டோஸில் நினைவகம் ஒதுக்கும் விர்ச்சுவல்அலோக் பங்ஷனிடம் கேளுங்கள். அதற்கென ஒரு கொடி இருக்கிறது. ஒளிந்திருக்கும் பிழை அன்றைக்கே வெளியே வரும்.

ரெஜிஸ்டர்கள் யாருக்குச் சொந்தம்

அதிக நாட்களைத் தின்பது இந்தப் பகுதி. ஒரே இன்டெல் அல்லது ஏஎம்டி புரொசசர் என்பதால் ஜிட் உருவாக்கும் இயந்திரக் கோட்டை அப்படியே கொண்டுபோகலாம் என்று நினைப்பது இயல்பு. கட்டளைகள் ஒன்றுதான், ஒரு பங்ஷன் இன்னொன்றை எப்படி அழைக்க வேண்டும் என்ற அழைப்பு மரபு வேறு. லினக்ஸ் முதல் ஆறு முழுஎண் உள்ளீடுகளை ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்சிஎக்ஸ், ஆர்8, ஆர்9 என்ற ரெஜிஸ்டர்களில் அனுப்புகிறது. விண்டோஸ் நான்கை மட்டும், ஆர்சிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ், ஆர்8, ஆர்9 என்ற வரிசையில் அனுப்புகிறது. இந்த வரிசையை எல்லோரும் படித்துவிட்டுத் திருத்திவிடுகிறார்கள். அதற்கு அடுத்த பந்தியை வாசிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஜிட் கோட்டில் அடுத்த பைட்கோட்டின் முகவரியை ஆர்எஸ்ஐயில் வைத்திருக்கிறீர்கள். லினக்ஸில், அழைக்கப்பட்ட பங்ஷன் ஆர்எஸ்ஐயையும் ஆர்டிஐயையும் தன் விருப்பப்படி அழிக்கலாம். விண்டோஸில் அவை இரண்டும் அழைத்தவருக்குச் சொந்தம், திரும்பும்போது பழைய பெறுமதி அப்படியே இருக்க வேண்டும். உங்கள் ஜிட் கோட் ஆர்எஸ்ஐயை மாற்றிவிட்டுத் திரும்புகிறது. அழைத்த சி பங்ஷன் ஏதோ ஒரு பொருளின் முகவரியை அதில் வைத்திருந்தது. டீபக் பில்டில் (பிழை தேடுவதற்காகக் கட்டிய நிரல்) மாறிகள் பெரும்பாலும் ஸ்டாக்கில் (பங்ஷன் அழைப்புகளுக்கான நினைவகப் பகுதி) கிடப்பதால் ஒன்றும் நடக்காது. வேகத்துக்காகச் சீர்செய்த ரிலீஸ் பில்டில் விழும். அதுவும் ஜிட்டுக்குள் விழாது, பல அழைப்புகள் தள்ளி, பாவனையில் இல்லாத நினைவகத்தை மீட்கும் குப்பை சேகரிப்பானுக்குள் விழும். பிறகு ஒரு கிழமை குப்பை சேகரிப்பானைக் குறை சொல்லிக்கொண்டு திரிவோம்.

எக்ஸ்எம்எம்6 முதல் எக்ஸ்எம்எம்15 வரையான ரெஜிஸ்டர்களும் இப்படித்தான். லினக்ஸில் அழைக்கப்பட்ட பங்ஷன் அவற்றைக் காப்பாற்றத் தேவையில்லை, விண்டோஸில் காப்பாற்ற வேண்டும். இது இன்னும் மோசம். நிரல் விழாது, தசம எண்கள் மட்டும் பிழையாக வரும்.

இன்னொன்று, விண்டோஸில் எந்த பங்ஷனை அழைத்தாலும் அழைப்பவர் ஸ்டாக்கில் 32 பைட் இடம் விட வேண்டும். உள்ளீடே இல்லாத பங்ஷனுக்கும் விட வேண்டும், ஆள் வராவிட்டாலும் பந்தியில் இலை போட்டு வைப்பதுபோல. விடாவிட்டால் அழைக்கப்பட்டவர் அந்த இடத்தில் எழுதும்போது நீங்கள் சேமித்து வைத்தவை அழியும். இங்கே நிலைமை தலைகீழ்: டீபக் பில்ட்தான் உள்ளீடுகளை அந்த இடத்தில் எழுதி வைக்கும், அதனால் டீபக்கில் விழுந்து ரிலீஸில் ஓடக்கூடும். ஸ்டாக் பொயின்டருக்குக் கீழே 128 பைட்டை யாரும் தொடமாட்டார்கள் என்ற லினக்ஸின் உறுதிமொழியும் விண்டோஸில் இல்லை.

பிழை வந்தால் லாங்ஜம்ப் போட்டு வெளியே குதிக்கும் மெய்நிகர் இயந்திரங்களுக்குத் தனி எச்சரிக்கை. 64 பிட் விண்டோஸில் லாங்ஜம்ப் ஸ்டாக்கை ஒவ்வொரு படியாக அவிழ்த்துக்கொண்டு போகும். நடுவில் ஜிட் கோட்டின் படி ஒன்று இருந்து, அதைப் பற்றிய தகவலை நீங்கள் இயங்குதளத்திடம் பதிந்து வைக்காவிட்டால் நிரல் அங்கேயே சாகும். கியூஎமு என்ற மெய்நிகர் இயந்திர மென்பொருள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: குதித்து வரும் இடத்தைக் குறித்து வைக்கும் செட்ஜம்ப்புக்கு இரண்டாவது உள்ளீடாக வெற்றுப் பொயின்டரைக் கொடுத்து, அவிழ்க்காமலே குதிக்கச் செய்கிறது.

ஆர்ம் புரொசசருக்குப் போகிறவர்கள் எக்ஸ்18 ரெஜிஸ்டரைத் தொட வேண்டாம். விண்டோஸும் ஆப்பிளும் அதைத் தங்களுக்கென ஒதுக்கியிருக்கின்றன. ஆப்பிள் ஆர்மில் பிரின்ட்எஃப் போல உள்ளீட்டு எண்ணிக்கை மாறும் பங்ஷன்களுக்கு அந்த மாறும் உள்ளீடுகள் ஸ்டாக்கிலேதான் போகும். ரெஜிஸ்டரில் அனுப்பினால் குப்பை அச்சாகும்.

நினைவகம்

லினக்ஸில் எம்மேப் மூலம் பெரிதாக ஒரு துண்டு எடுத்து, தேவையான எல்லையில் பொருந்தும் பகுதியை வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் மிஞ்சியதை வெட்டித் திருப்பிக் கொடுப்பது பழைய உத்தி. விண்டோஸில் இது நடக்காது. ஒதுக்கிய துண்டை முழுதாகத்தான் விடுவிக்கலாம், ஒதுக்கீடு தொடங்கும் முகவரியும் 64 கேபி எல்லையில்தான் அமையும். முழுவதையும் விடுவித்துவிட்டு, கண்டுபிடித்த முகவரியிலேயே மறுபடி கேட்க வேண்டும். அதற்குள் வேறொரு த்ரெட் (நிரலுக்குள் இணையாக ஓடும் பகுதி) அந்த இடத்தைப் பிடித்திருக்கலாம் என்பதால் இதை ஒரு லூப்பில் வையுங்கள். விண்டோஸ் 10 மட்டும் போதுமென்றால் விர்ச்சுவல்அலோக்2 எல்லையையும் சேர்த்தே கேட்க இடம் தருகிறது. இடத்தை ஒதுக்குவதும் நினைவகத்தை உண்மையில் பெறுவதும் அங்கே இரண்டு வேலைகள். பென்னாம்பெரிய ஹீப்பை ஒதுக்கலாம், ஆனால் முழுவதையும் அப்போதே பெறக் கேட்டால் மறுக்கப்படலாம்.

நினைவகப் பக்கத்தின் (இயங்குதளம் நினைவகத்தைப் பிரித்துக் கையாளும் அலகு) அளவு 4096 என்று கோட்டில் எழுதிவைப்பதும் அதே வகைத் தவறு. ஆப்பிளின் ஆர்ம் மேக்குகளில் அது 16 கேபி. ஆண்ட்ராய்ட் 15இலிருந்து 16 கேபி பக்கமுள்ள போன்களுக்கும் ஆதரவு இருக்கிறது. 4096ஐ நம்பிக் கணக்கிட்ட முகவரியில் காவல் பக்கம் (தொட்டால் பிழை வரும்படி பூட்டிய பக்கம்) வைத்தால், அந்த முகவரி 16 கேபி எல்லையில் அமையாதபோது அந்த அழைப்பு அங்கே தோற்றுப்போகும். திரும்பி வரும் பெறுமதியை யாரும் பார்க்காவிட்டால் காவலே இல்லாமல் நிரல் ஓடும். பக்க அளவை இயங்குதளத்திடமே கேளுங்கள்.

அப்புறம், ஒரே நினைவகத்தில் எழுதவும் ஓட்டவும் ஒருசேர அனுமதி கேட்கும் பழக்கம். ஆர்ம் மேக்கில் ஜிட்டுக்கான தனிக் கொடியோடு எம்மேப் செய்து, எழுதும் நிலைக்கும் ஓட்டும் நிலைக்கும் மாறி மாறிப் போக வேண்டும். அந்த நிலை ஒவ்வொரு த்ரெட்டுக்கும் வேறு வேறு. எழுதி முடித்ததும், புரொசசர் கட்டளைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் கட்டளை கேஷை அழிக்கும் அழைப்பை மறக்கவே கூடாது. எக்ஸ்86இல் புரொசசரே அதைப் பார்த்துக்கொள்வதால் மறந்தாலும் தெரியாது. ஆர்மில் பழைய கட்டளைகள் எப்போதாவது ஓடும், எப்போது என்று சொல்ல முடியாது. அழைப்பை முதல் நாளே எல்லா இயங்குதளத்துக்கும் போட்டுவிடுங்கள்.

தவறான முகவரியைத் தொடுவதை வைத்து வெற்றுப் பொயின்டரைப் பிடிப்பவர்கள், லினக்ஸில் ஒரு சிக்னலை (இயங்குதளம் நிரலுக்கு அனுப்பும் அறிவிப்பு) மட்டும் எதிர்பார்ப்பார்கள். மேக்கில் காவல் பக்கத்தைத் தொட்டால் சிக்பஸ் என்ற வேறொரு சிக்னல் வரும். விண்டோஸில் சிக்னலை விட்டுவிட்டு வெக்டர்ட் எக்ஸெப்ஷன் ஹாண்ட்லரைப் பதிய வேண்டும். நேரத்தில் ஒன்று: விண்டோஸில் ஸ்லீப்புக்கு 1 மில்லிசெக்கன் கொடுத்தால் வழமையான அமைப்பில் 15 மில்லிசெக்கனுக்கு மேலும் தூங்கலாம். த்ரெட்களை மாற்றும் கடிகாரத்தை அதன் மேல் கட்ட வேண்டாம்.

தமிழ்ப் பெயருள்ள கோப்புகள்

நம் பிள்ளைகளுக்குத்தான் இது முதலில் அடிக்கும். பைட்கோட் கோப்பை விண்டோஸில் பைனரி என்று குறிப்பிடாமல் திறந்தால், வரிமுடிவுகள் மாற்றப்படும். 26 என்ற பெறுமதியுள்ள பைட் வந்ததும் கோப்பு முடிந்ததென்று வாசிப்பு நின்றுவிடும். சின்ன நிரல் ஓடும், பெரிய நிரல் பாதியில் அறுபடும்.

அதைத் திருத்தினாலும், "திருகோணமலை" என்ற போல்டருக்குள் இருக்கும் கோப்பை எஃப்ஓப்பனால் திறக்க முடியாமல் போகலாம். அந்த பங்ஷன் வழமையாக விண்டோஸின் பழைய எழுத்துப் பட்டியல் வழியாகப் பெயரைப் பார்க்கிறது, தமிழுக்கு அப்படியொரு பட்டியல் விண்டோஸில் கிடையாது. கட்டளை வரியில் வரும் பெயரும் கேள்விக்குறிகளாகிவிடும். மெய்நிகர் இயந்திரத்துக்குள் எல்லாவற்றையும் யூனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் வைத்துக்கொண்டு, இயங்குதளத்தைத் தொடும் இடத்தில் மட்டும் யுடிஎஃப்-16 ஆக்கி அகல எழுத்து பங்ஷன்களை அழையுங்கள். விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்து நிரலின் மேனிஃபெஸ்டில் யுடிஎஃப்-8 என்று அறிவிக்கவும் முடியும், ஆனால் பழைய கணினிகள் புழங்கும் வகுப்பறையை அதை நம்பி விட முடியாது.

மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டுகளில் இன்னொரு பொறி. "திருகோணமலை" யூனிகோடில் 10 குறிகள், யுடிஎஃப்-8இல் 30 பைட். அந்த வட்டு "கோ"வின் ஓகாரக் குறியை இரண்டாகப் பிரித்து வைப்பதால் திரும்பி வருவது 11 குறிகள், 33 பைட். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பைட் பைட்டாக ஒப்பிட்டால் வேறு வேறு கோப்பு. ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்.

இவ்வளவையும் கோட் முழுக்க நிபந்தனைக் கட்டளைகளாகத் தூவுவதுதான் அடுத்து வரும் ஆசை. வேண்டாம். நினைவகம், நேரம், கோப்பு, த்ரெட், சிக்னல் ஆகியவற்றுக்குச் சில பங்ஷன்களை வகுத்து, ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் ஒரு பைல் வையுங்கள். அந்த பைலும் இயங்குதளத்தின் அதிகாரபூர்வ நூலகம் வழியாகவே பேசட்டும். கோ மொழி ஒரு காலத்தில் மேக்கின் கேர்னலை (இயங்குதளத்தின் உட்கரு) நேரடியாக அழைத்தது. 2016இல் சியரா பதிப்பு நேரம் கேட்கும் அழைப்பை மாற்றியபோது பழைய கோ நிரல்கள் விழத் தொடங்கின. 2019இல் வந்த 1.12 பதிப்பில் கோ மொழி ஆப்பிளின் நூலகத்துக்கு மாறியது. கேர்னல் அழைப்புகள் மாறாது என்ற உறுதி லினக்ஸில் உண்டு, மேக்கிலும் விண்டோஸிலும் கிடையாது.

மேக் கையில் இல்லை என்பது இங்கே பலருக்கும் இருக்கும் நிலைமை. சரி, கோட் பொதுக் களஞ்சியத்தில் இருந்தால் கிட்ஹப் ஆக்சன்ஸ் லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் இலவசமாகக் கட்டி ஓட்டித் தரும். டீபக், ரிலீஸ் இரண்டு பில்டையும் அங்கே போடுங்கள். ஜிட் இல்லாமல் ஒரு தடவையும் ஜிட்டோடு ஒரு தடவையும் ஓடட்டும். சோதனைக் கோப்புகள் இருக்கும் போல்டரின் பெயரைத் தமிழில், நடுவே ஓர் இடைவெளியும் விட்டு வையுங்கள்.