மவ்ருத் திராட்சையில் சிவப்பு ஒயின்: பல்கேரிய வீட்டு முறை, படிப்படியாக

பல்கேரியாவின் தெற்கே விரிந்துள்ள திரேசியச் சமவெளியில், பிளோவ்திவ், அசெனோவ்கிராத் ஆகிய நகரங்களைச் சுற்றி விளையும் உள்நாட்டுத் திராட்சை இனம் மவ்ருத். இந்தப் பெயர், கறுப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. வீட்டுக்கு வேண்டிய ஒயினை நிலவறையில் தாமே தயாரித்துக்கொள்ளும் வழக்கம் அந்த நாட்டில் இன்றும் பரவலாக உள்ளது. அந்த முறையை, 100 கிலோ பழத்தைக் கணக்காகக் கொண்டு, முதன்முறை செய்பவருக்கு ஏற்றவாறு இங்கு விளக்குகிறேன். வீட்டில் ஒயின் தயாரிப்பது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். நீங்கள் வாழும் இடத்தில் அதற்கு அனுமதி உண்டா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். செய்முறை முழுவதிலும் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: தொடக்கத்தில் ஒயினுக்குக் காற்று வேண்டும், நொதித்து முடிந்த பின் அதே காற்றுதான் அதைக் கெடுக்கும்.

முதல் வேலை, பழத்தைச் சுவைத்துப் பார்ப்பது. மவ்ருத் தாமதமாகப் பழுக்கும் இனம் என்பதால், அக்டோபர் நடுப்பகுதிக்கு முன் அவசரப்பட்டு வாங்காதீர்கள். ஒரு பழத்தை வாயிலிட்டு, தோலையும் விதையையும் தனித்தனியே மென்று பாருங்கள். விதை பச்சையாகவும் கசப்பாகவும் இருந்தால் பழம் இன்னும் முதிரவில்லை. பழுப்பேறி, வறுத்த கடலையைப் போல நொறுங்கினால் முதிர்ந்துவிட்டது. சாற்றின் இனிப்பை அளக்கும் கருவி 22 முதல் 24 பிரிக்ஸ் (சர்க்கரைச் செறிவின் அலகு) வரை காட்டுவது நல்லது. சர்க்கரை குறைவாக இருப்பின், லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சேர்த்தால் மதுச்சத்து ஒரு சதவீதம் உயரும்.

பழத்தைக் கழுவாதீர்கள், ஒட்டியிருக்கும் நீர் சாற்றை நீர்க்கச் செய்யும். அழுகியவற்றைப் பொறுக்கி எறிந்து, காம்புகளை நீக்கி, விதை உடையாதபடி நசுக்குங்கள். 150 லிட்டர் கொள்ளும், உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக் அல்லது துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியில் முக்கால் அளவுக்கு மட்டும் நிரப்புங்கள். சுமார் 7 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட்டைச் சிறிது நீரில் கரைத்துக் கலந்துவிட்டால் வேண்டாத கிருமிகள் அடங்கும். மறுநாள், 20 கிராம் ஒயின் ஈஸ்ட்டை 200 மில்லி வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் ஊறவைத்துச் சேருங்கள்.

அடுத்த ஒரு வாரம்தான் ஒயினின் நிறத்தையும் துவர்ப்பையும் தீர்மானிக்கிறது. எனவே இதற்குச் சற்றுக் கூடுதலாகவே நேரம் ஒதுக்குங்கள். மவ்ருத்தின் நிறம் முழுவதும் தடித்த அதன் தோலில் இருக்கிறது. நொதிக்கத் தொடங்கியதும், எழும் வாயு தோல்களை மேலே தள்ளி, கெட்டியான ஓர் அடையாக மிதக்கவைக்கும். அதை அப்படியே விட்டால் மேற்பரப்பு காய்ந்து, காடி நாற்றம் பிடித்துவிடும். ஆகவே நாளொன்றுக்கு மூன்று முறை, அகன்ற மரத்துடுப்பால் அந்த அடையை உடைத்துச் சாற்றுக்குள் அமிழ்த்துங்கள். முதல் அழுத்தலுக்கு அடை எளிதில் இடங்கொடாது; பிறகு சட்டென விரிசல் விட, ஊதா நிற நுரை சீறிக்கொண்டு மேலே வரும். அடைக்குள் கையை நுழைத்துப் பார்த்தால், கீழே உள்ள சாற்றைவிட அது வெப்பமாக இருப்பதை உணரலாம். அமிழ்த்துவது அந்த வெப்பத்தையும் பரவலாக்குகிறது. தொட்டியின் வெப்பநிலை 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்கட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நொதிக்கும் சாறு, லிட்டருக்கு 50 லிட்டருக்கும் மேற்பட்ட கரியமில வாயுவை வெளிவிடுகிறது. அது கனமானது, நிலவறையில் தரையோடு தேங்கி நிற்கும். கதவையும் சாளரத்தையும் நன்கு திறந்து வைத்து, காற்று மாறிய பின்னரே உள்ளே செல்லுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

7 முதல் 10 நாட்களில் இனிப்பு மறைந்து அடை தாழத் தொடங்கியதும், ஒயினை வடித்தெடுத்து, எஞ்சிய தோலை மென்மையாகப் பிழியுங்கள். 60 முதல் 65 லிட்டர் கிடைக்கும். பல்கேரியர்கள் சக்கையையும் வீணாக்குவதில்லை. ராக்கியா என்னும் பழச்சாராயம் வடிப்பதற்கு அது பயன்படுகிறது.

இனி காற்றைத் தடுக்கும் காலம். ஒயினை ஓக் பீப்பாயிலோ, தமஜானா என அங்கு அழைக்கப்படும் பெரிய கண்ணாடிக் குடுவையிலோ ஊற்றலாம். உள்ளே நடப்பதைக் கண்ணால் காண முடிவதால், புதியவர்களுக்குக் குடுவையையே பரிந்துரைக்கிறேன். கழுத்து வரை நிரப்பி, வாயு வெளியேற வழிவிட்டு வெளிக்காற்றைத் தடுக்கும் நீர்மூடியைப் பொருத்துங்கள். இறுக்கி அடைத்துவிட்டால் குடுவை வெடிக்கக்கூடும். 20 டிகிரி வெப்பத்தில் சில வாரங்கள் இருக்கும்போது, பச்சை ஆப்பிளில் உள்ள கூர்மையான மாலிக் அமிலத்தைப் பாக்டீரியாக்கள், தயிரில் உள்ள மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும். தயிர்ப் பாக்டீரியா ஒன்றுக்குத் தன் பெயரையே தந்த நாடு பல்கேரியா என்றாலும், ஒயினில் இந்த வேலையைச் செய்வது வேறோர் இனம்.

குமிழிகள் முற்றிலும் நின்றதும், அடியில் படிந்த வண்டலைக் கலக்காமல், குழாய் வழியே தெளிந்த ஒயினை மற்றொரு சுத்தமான குடுவைக்கு மாற்றி, 60 லிட்டருக்குச் சுமார் 4 கிராம் மெட்டாபைசல்ஃபைட் சேருங்கள். குளிர்காலத்தில் ஒருமுறையும் மார்ச்சில் ஒருமுறையும் இவ்வாறே வண்டலிலிருந்து பிரித்து, குறைந்த அளவை அதே ஒயினால் நிரப்புங்கள்.

இடையில் பிப்ரவரி 14 அன்று திரிஃபோன் சரேசான் திருநாள் வரும். அன்று பல்கேரியர்கள் கொடியைக் கத்தரித்து, வெட்டிய இடத்தில் ஒயினை ஊற்றி, நல்ல விளைச்சல் வேண்டுவார்கள். நீங்களும் அன்று ஒரு கிண்ணம் எடுத்துச் சுவைத்துப் பாருங்கள். நாக்கை இழுக்கும் துவர்ப்பு இருந்தால் கவலைப்பட வேண்டாம். இளம் மவ்ருத் அப்படித்தான் இருக்கும். அடுத்த இலையுதிர் காலத்தில் பாட்டில்களில் அடைத்து, இருட்டான இடத்தில், 12 முதல் 15 டிகிரியில், கார்க் நனைந்திருக்குமாறு படுக்கவைத்து அடுக்குங்கள். அந்தத் துவர்ப்பு இணங்கி வர இன்னும் ஓராண்டாவது ஆகும்.