ஜன்னலை எப்போது திறப்பது?

வடசென்னையில் இருக்கும் எங்கள் தண்டையார்பேட்டையில் காலையில் துடைத்த ஜன்னல் கட்டையில் சாயங்காலம் விரலை வைத்தால் கறுப்பாக ஒட்டும். லாரிப் புகையும் ரோட்டுப் புழுதியும்தான். அதற்காக நாள் முழுக்க ஜன்னலைச் சாத்தி வைக்காதீர்கள். விடியற்காலையில் புகை தரையோடு தங்கி நிற்கும், அப்போது மட்டும் திறக்க வேண்டாம். மதியத்துக்கு மேல் கடல்காற்று வீசும்போது கிழக்கு ஜன்னலையும் அதற்கு எதிரே ஒன்றையும் திறந்து விடுங்கள். மிளகாய் தாளித்தால் எக்ஸாஸ்ட் ஃபேன் 10 நிமிடம் கூடவே ஓடட்டும்.

அப்புறம் கொசுவத்தி. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடும் நுண்துகள் 75 சிகரெட்டுக்குக் குறையாது என்கிறது 2003-இல் வந்த ஓர் ஆய்வு. எங்கள் வீட்டில் அதை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெல்க்ரோ கொசுவலை ஒட்டினோம். மாதம் ஒருமுறை கழற்றி அலசுவோம், வாளித் தண்ணீர் டிகாஷன் மாதிரி ஆகிவிடும்.