வாடை வந்தது பாட்டிலில் இல்லை, மூடியில்

மகளின் ஸ்கூல் பாட்டிலில் ஒரு மக்கல் வாடை. உள்ளே எட்டிப் பார்த்தால் பளபளவென்று இருக்கும். மூடியை மோந்தால்தான் முகம் சுளிக்கும். சரி என்று மூடிக்குள் இருந்த சிலிகோன் வாஷரை ஹேர்பின்னால் நெம்பி எடுத்தேன். அடிப்பக்கம் முழுக்கக் கருப்புப் பூஞ்சை! உறிஞ்சு குழாயின் மடிப்பிலும் அதே கதை.

இரண்டையும் வெந்நீரில் சமையல் சோடா கலந்து ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். வாடை போய்விட்டது, கருப்புக் கறை போகவில்லை. அந்த அளவு வாஷர் கடையில் தனியாகக் கிடைக்கவும் இல்லை. மூன்று ரூபாய் பெறாத ரப்பருக்காக மொத்த பாட்டிலையும் ஒதுக்க வேண்டியதாயிற்று.

புதிதாக வாங்கும்போது மூடியைத்தான் முதலில் பார்த்தேன். குழாய், பட்டன், ஸ்பிரிங் எதுவும் கிடையாது. ஒரே வாஷர், அதுவும் நகத்தால் கழற்ற வரும். கை நுழையும் அளவு அகல வாய். 304 ரக எவர்சில்வர். சுமார் 18% குரோமியம், 8% நிக்கல் இருப்பதால் எளிதில் துருப்பிடிக்காது. ஆனால் ப்ளீச் ஊற்றினால் குளோரின் அதையும் அரித்துவிடும்.

எங்கள் போர் தண்ணீருக்கு உள்ளே வெள்ளைப் படலம் படியும். அதற்கு வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து கொஞ்ச நேரம் ஊற்றி வைத்தால் போதும். வினிகரையும் ப்ளீச்சையும் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

இரவில் கழுவியதும் வாஷரைக் கழற்றி, பாட்டிலைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். ஈரத்தோடு சர்க்கரையும் கிடைத்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம் என்பதால் ஜூஸுக்கு இப்போது தனி பாட்டில். தட்டினால் படக்கென்று திறக்கும் மூடி இல்லையே என்று மகளுக்கு மட்டும் குறை.