ஹார்ட் றொக் கசெட்டுகளை மாரிக்கு முன் மீட்பது எப்படி

1991 செப்டெம்பரில் நிர்வானா குழுவின் ‘நெவர்மைண்ட்’ இசைத்தட்டு வந்தது. 1992 ஜனவரியில் அது மைக்கல் ஜக்சனின் ‘டேஞ்சரஸ்’ இசைத்தட்டை இறக்கிவிட்டு அமெரிக்காவின் பில்போர்ட் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. நீளமுடியும் மின்னல்வேகக் கிற்றாருமாக வலம்வந்த ஹார்ட் றொக் குழுக்களை அதன் பிறகு கேட்க ஆளில்லை. வேடிக்கை என்னவென்றால், அவர்களில் சிலர் உருப்படியாக வேலை செய்ததே அந்த நாட்களையொட்டித்தான்.

பழைய கசெட் பெட்டியைக் கிளறும்போது எடுத்து வைக்கவேண்டியவை சில. பேட்லேண்ட்ஸின் ‘வூடூ ஹைவே’ (1991), பாடகர் ஓசி ஒஸ்போனிடம் வாசித்த ஜேக் ஈ. லீயின் கிற்றாருக்காகவும் ரே கில்லனின் குரலுக்காகவும். விங்கரின் ‘புல்’ (1993): ‘பீவிஸ் அண்ட் பட்-ஹெட்’ கார்ட்டூனில் கேலிக்கு ஆளான குழுதான், ஆனால் இந்த இசைத்தட்டில் சீனிப்பாகு இல்லை. பேர்ள் ஜாமின் தயாரிப்பாளர் பிரெண்டன் ஓப்ரையன் கைபட்ட கிங்ஸ் எக்ஸின் ‘டோக்மேன்’ (1994). ஜோன் கொராபி பாடிய மோட்லி க்ரூ (1994). எல்லாவற்றுக்கும் மேலாக எக்ஸ்ட்ரீமின் ‘த்ரீ சைட்ஸ் டு எவ்ரி ஸ்டோரி’ (1992). சீடியில் இடம் போதாமல் விடுபட்ட ‘டோன்ட் லீவ் மீ அலோன்’ அதன் கசெட்டில் இருக்கிறது. கசெட்டைத் தேட அந்த ஒரு பாட்டே போதும்.

கிடைப்பது ரெக்கோடிங் பாரில் (பாட்டுகளைக் கசெட்டில் பதிந்து கொடுக்கும் கடையில்) அடித்த பிரதியென்றால் முதலில் நீளத்தைப் பாருங்கள். 90 நிமிடக் கசெட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். மோட்லி க்ரூ ஒரு மணித்தியாலம் ஓடும், எக்ஸ்ட்ரீம் அதையும் தாண்டும். ஒரே பக்கத்தில் அடக்கியிருந்தால் கடைசிப் பாட்டுகள் வெட்டுப்பட்டிருக்கும். அதற்காக மினக்கெட வேண்டாம்.

கசெட் கையில் வந்ததும் டெக்கில் போட்டுப் பார்க்கும் ஆசைதான் பாதிக் கசெட்டுகளைக் கொல்கிறது. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் முப்பது வருடம் கிடந்த நாடாவில் பூஞ்சணம் இருப்பது சாதாரணம். கசெட்டின் ஜன்னல் வழியே வெளிச்சத்தில் பாருங்கள்: சுருளின் விளிம்பில் வெள்ளைத் தூளோ நூல்போன்ற கோடுகளோ தெரிந்தால் பூஞ்சணம்தான். அப்படியே ஓட்டினால் சுற்றுகள் ஒட்டி நாடா அறும், தூள் டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் படியும், அடுத்து போடும் கசெட்டுக்கும் தொற்றும்.

இந்த வேலைக்கு நல்ல காலம் கச்சான் என்னும் வறண்ட தென்மேல் காற்று வீசும் மாதங்கள். காற்றே காய வைத்துவிடும். கசெட்டை சிலிக்கா ஜெல்லுடன் மூடிய டப்பாவில் ஒரு கிழமை வையுங்கள், வெயிலில் வைக்காதீர்கள், கூடு நெளியும். பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வெளியே, ஆறுபட்டைப் பென்சிலால் மெதுவாகச் சுற்றி, நூல் உதிராத துணியை நாடாவின் இருபுறமும் லேசாகப் பிடித்துத் துடையுங்கள். சுற்று இறுகினால் இழுக்காதீர்கள். கசெட்டைத் தட்டையாக உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினால் இளகும். சுனாமியிலோ வெள்ளத்திலோ நனைந்தவை என்றால் உப்பும் சேறும் உள்ளே இருக்கும். நாடாவை அசிற் கலக்காத பற்றரித் தண்ணீரில் அலசி, நிழலில் முழுதாகக் காயவிட்டே சுற்ற வேண்டும்.

ஒலி மங்கி, ட்ரெபிள் விட்டுவிட்டு வந்தால் நாடாவைக் குறைசொல்லுமுன் நடுவில் உள்ள சின்ன ஃபெல்ட் துண்டைப் பாருங்கள். பசை காய்ந்து அது கழன்றிருக்கும். உதவாத பாட்டுக் கசெட் ஒன்றிலிருந்து தகட்டோடு எடுத்து மாற்றலாம். ஐந்து ஸ்குறூ உள்ள கூடு திறப்பது இலகு. கம்பெனிக் கசெட்டுகள் பெரும்பாலும் ஒட்டியே வரும், அவற்றை மெல்லிய அலகால் பிளந்து, சுருளை ஸ்குறூக் கூட்டுக்கு மாற்றுங்கள். அறுந்த நாடாவை ஒட்ட சாதாரண செலோட்டேப் ஆகாது, பசை கசிந்து பக்கத்துச் சுற்றில் பிடிக்கும். கசெட்டுக்கென்றே உள்ள ஒட்டுநாடாவை (ஸ்ப்ளைசிங் டேப்) பின்பக்கத்தில், அதாவது ஹெட்டைத் தொடாத பக்கத்தில் ஒட்டுங்கள்.

டெக்கின் ஹெட்டையும், நாடாவை நகர்த்தும் உலோகத் தண்டான கப்ஸ்டனையும் 99 வீத ஐசோபுரொபைல் அல்ககோலால் துடையுங்கள், பஞ்சில் பழுப்பு வராத வரைக்கும். பாமசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் எண்ணெய் கலந்திருக்கலாம், அது படலம் விடும். றப்பர் உருளைக்கு சவர்க்காரத் தண்ணீர் போதும்.

அடுத்தது அசிமத், அதாவது நாடாவுக்கு ஹெட் நிற்கும் சாய்வு. பலர் விட்டுவிடும் வேலை, ஆனால் ஒலியை மாற்றுவது இதுதான். ஹெட்டின் ஒரு பக்கத்தில் சுருள்கம்பி வைத்த ஸ்குறூ இருக்கும். இருந்த நிலையைப் பேனையால் குறித்துவிட்டு, காந்தமில்லாத ஸ்குறூ ட்றைவரால் மயிரிழை அளவு திருப்புங்கள். மோனோவில் கேட்டபடியே ட்ரம்ஸின் ஹை-ஹற் சத்தம் எங்கே கூர்மையாகிறதோ அங்கே நிறுத்துங்கள். ஸ்டீரியோவில் கேட்டால் பிழை தெரியாது. ஒவ்வொரு கசெட்டுக்கும், இரு பக்கத்துக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். மறுபக்க ஸ்குறூவைத் தொட்டால் உயரம் போய்விடும், அதை விட்டுவிடுங்கள்.

கூட்டில் டொல்பி (இரைச்சல் குறைப்பு முறை) அடையாளம் இருந்தால் டொல்பி பி உள்ள பழைய டெக்கில்தான் போட வேண்டும். இப்போது வரும் மலிவு யூஎஸ்பி பிளேயர்களில் அது இல்லை, வேகமும் தளம்பும். லப்டொப்பின் மைக் துளையில் கொடுத்தால் பெரும்பாலும் மோனோவாகவே பதியும், ஆகவே லைன்-இன் உள்ள யூஎஸ்பி இடைமுகம் வாங்குங்கள். ஓடாசிற்றி என்னும் ஒலிப்பதிவு மென்பொருளில் 24 பிற், 48 கிலோஹேர்ட்ஸில் பதியுங்கள். உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். தரம் குறையாத ஃபிளாக் (FLAC) கோப்பாகச் சேமியுங்கள். இரைச்சலை மென்பொருளால் வழிக்க வேண்டாம், சிம்பல் சத்தமும் சேர்ந்து போகும்.

முடிந்ததும் கசெட்டை ஒரு முனைவரை முழுதாக ஓடவிட்டு, நிமிர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு மூடிவையுங்கள். வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரி வேண்டாம். ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறினால் மாற்றும் நேரம். வாடைக் காலத்தில் அது சுறுக்காக மாறும்.