பைபிள்ல வர்ற வம்ச லிஸ்ட்டை தாண்டி ஓடாம படிக்கறது எப்படி

நம்ம வேலூர்ல எந்த சர்ச்ல வேணா பாருங்க, ஜனவரி ஆனா எல்லாரும் பைபிளோட முதல் புத்தகம் ஆதியாகமம் ஆரம்பிப்பாங்க, 5ஆம் அதிகாரம் வந்ததும் இவன் அவனை பெத்தான் அவன் இவனை பெத்தான்னு ரெண்டு வசனம் பாத்துட்டு நேரா நோவா பேழைக்கு ஜம்ப். தப்பு சொல்லல, படிக்கற வழி தெரியலன்னா போர்தான் அடிக்கும்.

முதல்ல, இந்த லிஸ்ட் யாருக்கு எதுக்கு தேவைப்பட்டுச்சுன்னு கேளுங்க. வாரிசு சர்டிபிகேட்டுக்காக தாலுக்கா ஆபீஸ் படி ஏறி இறங்குனவங்களுக்கு இது சட்டுனு புரியும், பேப்பர்ல பேர் இல்லன்னா உரிமையும் இல்ல. எஸ்றா 2ல அதான் நடக்குது. பாபிலோன்ல இருந்து திரும்பி வந்த மூணு ஆசாரிய (ஆலயத்துல பூசாரி வேலை பாக்கற) குடும்பம் வம்ச அட்டவணையில தங்க பேரை தேடுது, கிடைக்கல, ஆசாரிய வேலை கிடையாதுன்னு தள்ளி வச்சிட்டாங்க. அதுல ஒரு குடும்பத்தோட முன்னோர் பர்சில்லாய் வீட்ல பொண்ணு எடுத்து மாமனார் வீட்டு பேரையே வச்சிக்கினவரு. எண்ணாகமம் 27ல செலொப்பியாத்தோட அஞ்சு பொண்ணுங்க, அண்ணன் தம்பி யாரும் இல்ல, ஆம்பள புள்ளை இல்லன்னா எங்கப்பா பேரே இல்லாம போயிடணுமான்னு மோசே முன்னாடி நின்னு கேட்டு நிலத்துல பங்கு வாங்கிட்டாங்க!

அடுத்து ஒரு பென்சில் எடுத்துக்கினு ஆதியாகமம் 5ஐ மெதுவா படிங்க. இத்தனை வயசுல புள்ளை பெத்தான், அப்புறம் இத்தனை வருஷம் இருந்தான், மரித்தான்னு ஒரே மெட்டுல போகும், எல்லா "மரித்தான்"லயும் கோடு போடுங்க, எட்டு வரும். ஏழாவது ஆள் ஏனோக்குக்கு மட்டும் அது இல்ல, 365 வருஷம் இருந்தாரு, தேவன் எடுத்துக்கொண்டார்னு முடியுது. மெட்டு எங்க உடையுதோ அங்கதான் எழுதுனவன் நம்மள நிறுத்தி பாக்க சொல்றான். ரூத் 4 கடைசியிலயும் பத்து பேர், ஏழாவது ரூத்தோட புருஷன் போவாஸ், பத்தாவது தாவீது ராஜா. ஆதாமோட மூத்த புள்ளை காயீன் வழியில ஆதாமை சேத்து எண்ணுங்க, ஏழாவதா நிக்கறவன் லாமேக்கு, பழி வாங்குறதை பெருமையா பேசுறவன். ஏழாவது இடத்துல யார வைக்கறாங்கன்னு ஒரு கண்ணு வையுங்க.

ஒரு எச்சரிக்கை. இந்த வயசெல்லாம் கூட்டி உலகத்துக்கு தேதி குறிக்க கிளம்பாதீங்க, 1650ல பிஷப் அஷர் அப்படித்தான் கி.மு. 4004னு கணக்கு போட்டாரு. ஆனா சேத் பொறந்தப்ப ஆதாமுக்கு எபிரெய பிரதியில 130 வயசு, பழைய கிரேக்க மொழிபெயர்ப்புல 230. லிஸ்ட்லயும் ஆளை விட்டுட்டு போவாங்க, எஸ்றா 7ஐயும் 1 நாளாகமம் 6ஐயும் பக்கத்துல பக்கத்துல வச்சி பாருங்க, மெராயோத்துக்கும் நாளாகமத்துல ரெண்டாவதா வர்ற அசரியாவுக்கும் நடுவுல ஆறு பேரு எஸ்றாவுல காணோம். எஸ்றாங்கற ஆள், முதல் பிரதான ஆசாரியர் ஆரோன் வழி வந்தவருன்னு காட்டணும், அதுக்கு எல்லா பேரும் வேண்டியதில்ல, அவ்ளோதான்.

ஆரம்பிக்கறவங்க ரூத் 4ல ஆரம்பிங்க, சின்னது. 1 நாளாகமம் முதல் ஒம்பது அதிகாரத்தை கடைசியா வச்சிக்கோங்க, ஒரே மூச்சுல வேணாம், தூக்கம்தான் வரும். ஆனா 4ஆம் அதிகாரத்துல 9, 10 வசனத்தை மட்டும் தாண்டிடாதீங்க, பேரா அடுக்கிட்டே போறவன் திடீர்னு நின்னு யாபேஸ்னு ஒருத்தர் பண்ண ஜெபத்தை முழுசா எழுதிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி திரும்ப லிஸ்ட்டுக்கு போயிடுவான்.