பற்களில் கறை: காரணம் அறிந்து பாதுகாப்பாக வெண்மையாக்கல்

பற்களை வெண்மையாக்க விரும்புவோர் எதையும் வாங்கித் தேய்ப்பதற்கு முன்னர், காலை வெயில் விழும் முற்றத்தில் கைக்கண்ணாடியுடன் நின்று தமது பற்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். முரசின் (ஈறின்) ஓரத்திலும் பற்களின் இடுக்குகளிலும் கீழ்முன்பற்களின் உட்புறத்திலும் திட்டுத்திட்டாகப் படிந்திருப்பது பெரும்பாலும் வெளிக்கறை. பற்கள் யாவும் ஒரே சாயலாக மங்கியிருந்தால், அல்லது பல்லுக்குள்ளிருந்தே வெண்புள்ளிகளும் பழுப்புக் கோடுகளும் தெரிந்தால், அல்லது ஒரு பல் மட்டும் சாம்பல் நிறமாகியிருந்தால் காரணம் உள்ளே இருக்கிறது. வெளிக்கறையைச் சுத்தம் செய்து நீக்கலாம். உள்ளிருக்கும் நிறத்தை எவ்வளவு தேய்த்தாலும் நீக்க முடியாது.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வெளிக்கறைக்கு முதற்காரணம் வெற்றிலை. நல்ல காரியத்துக்கு வெற்றிலை வட்டா வைத்து அழைக்கும் ஊர் இது. அந்த மரியாதையைக் குறை கூற நான் வரவில்லை. ஆனால் பாக்கின் துவர்ப்புப் பொருள் சுண்ணாம்புடன் சேர்ந்து சிவந்து, நாளடைவில் கருஞ்சிவப்பாகப் பல்லில் ஒட்டிக்கொள்கிறது. கறையை விடப் பெரிய கவலையும் இதில் உண்டு: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டையும் பாக்கையும் கூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவனவாக வகைப்படுத்தியுள்ளது. கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால், வாயை முழுமையாகத் திறக்க முடியாதிருந்தால், வெண்மையாக்கும் எண்ணத்தை ஒத்திவைத்து உடனே பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

நாளுக்கு நாலைந்து முறை குடிக்கும் சாயத் தேநீர், சிகரெட், குளோரெக்சிடீன் கலந்த வாய்கொப்பளிக்கும் மருந்து, இரும்புச்சத்துப் பாணி ஆகியனவும் வெளிக்கறை தருபவையே.

உட்காரணங்களில் வயது முதன்மையானது. மிளிரி எனப்படும் எனாமல் தேயத் தேய, அதன் கீழுள்ள மஞ்சட் சாயலான பன்முதல் (டென்டைன்) எனும் உட்படை வெளித்தெரிகிறது. சிறுவயதில் விழுந்து அடிபட்ட பல் பின்னாளில் கருமையடையலாம். பற்கள் உருவாகும் காலத்தில், அதாவது ஏறக்குறைய எட்டு வயது வரை, டெட்ராசைக்கிளின் மருந்து கொடுத்தால் பற்கள் மஞ்சளாகவோ சாம்பலாகவோ முளைக்கும். கர்ப்பத்தின் பிற்பகுதியிலும் அதைத் தவிர்ப்பது இதனாலேயே. உலர்வலயத்தின் உட்பகுதிகளில் சில கிணறுகளின் நீரில் புளோரைட்டு மிகுந்திருப்பதும் குழந்தைகளின் பற்களில் வெண்புள்ளிகளையும் பழுப்புத் திட்டுகளையும் உண்டாக்குகிறது. குடிநீரில் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த மேல்வரம்பு.

இனி, செய்யக்கூடாதவை. என் உறவுப் பெண்ணொருத்தி திருமணத்துக்கு முந்திய மூன்று வாரங்கள் தினமும் தேசிக்காய்ச் சாற்றில் உப்பைத் தொட்டுப் பல் தேய்த்தாள். மணநாளன்று பற்கள் சற்று வெளுத்தே தெரிந்தன. ஆனால் தண்ணீர் பட்டாலே கன்னத்தைப் பொத்திக்கொள்ளும் அளவுக்குக் கூச்சம். புளிப்பு மிளிரியைக் கரைத்து மென்மையாக்குகிறது. அந்த நிலையில் உப்போ உமிக்கரியோ செங்கல் தூளோ பட்டால் மேற்பரப்பு சுரண்டப்படுகிறது. மிளிரி மீண்டும் வளராது. இப்படித் தேய்த்த பல் காலப்போக்கில் முன்னை விட மஞ்சளாகத்தான் மாறும்.

பாதுகாப்பான வழி எளிமையானது. மென்தூரிகையும் புளோரைட்டு கலந்த பற்பசையும் கொண்டு, காலையிலும் படுக்கைக்கு முன்னும் இரண்டு நிமிடம் துலக்க வேண்டும். தேநீருக்கும் வெற்றிலைக்கும் பின் வாயைத் தண்ணீரால் கொப்பளிக்க வேண்டும். மாங்காய், புளி போன்றவற்றை உண்டபின் அரை மணி நேரம் பொறுத்தே துலக்க வேண்டும். கல்லாக இறுகிவிட்ட பற்காறையை வைத்தியரே கருவியால் அகற்றுவார். அரசாங்க வைத்தியசாலைகளின் பற்சிகிச்சைப் பிரிவுகளில் இச்சேவை கட்டணமின்றிக் கிடைக்கிறது. காறை எடுத்தால் பல் ஆடும் என்று பலர் அஞ்சுகின்றனர். உண்மையில் முரசைத் தாழ்த்திப் பல்லை ஆட வைப்பது காறைதான். அது மறைத்திருந்த இடைவெளி வெளித்தெரியும்போதே அவ்வாறு தோன்றுகிறது. நம்மில் பெரும்பாலானோருக்கு இந்தச் சுத்திகரிப்பே போதும் என்பது என் எண்ணம்.

அதற்குப் பின்னும் நிறம் மனத்தை வருத்தினால், வெளுக்கும் சிகிச்சை உண்டு. வைத்தியர் பல்லின் அச்செடுத்துச் செய்து தரும் மெல்லிய உறையில் பத்து சதவீத காபமைட்டு பேரொட்சைட்டு (ஐதரசன் பேரொட்சைட்டை வெளிவிட்டுப் பல்லை வெளுக்கும் பொருள்) களிம்பை இட்டு, இரண்டு வாரமளவு இரவில் அணிவது நன்கு சோதிக்கப்பட்ட முறை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011 ஆம் ஆண்டு நெறிமுறை, 0.1 முதல் 6 சதவீதம் வரை ஐதரசன் பேரொட்சைட்டு உள்ள பொருள்களைப் பல் வைத்தியர் வழியாக மட்டுமே, 18 வயது நிரம்பியோருக்கு அனுமதிக்கிறது. ஆகவே முகவரி தெரியாத இணையக் கடைகளின் களிம்புகளை நம்ப வேண்டாம். சிலநாள் கூச்சம் வரலாம். பெரும்பாலும் தானாகத் தணியும். கர்ப்பிணிகளும் பாலூட்டுவோரும் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது நல்லது. சொத்தைப் பல்லை முன்னரே அடைத்துவிட வேண்டும். முன்பற்களில் பழைய அடைப்போ செயற்கைப் பல்லோ இருந்தால் அது வெளுக்காது. புதிய நிறம் நிலைத்தபின், இரண்டு வாரம் கழித்து, அதற்கிணங்க அடைப்பை மாற்றிக்கொள்ளலாம்.